பெரியப்பாவின் 1965 எம்ஜிபி: காப்புறுதித் தொகையை எவ்வளவாக எழுதுவது?

வெள்ளவத்தை_65 (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா சென்ற ஆண்டு காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் உள்ள அவருடைய வீட்டையும் பெரியம்மாவையும் இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வீட்டுக் கராஜில் 1965ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (இரண்டு இருக்கை கொண்ட, கூரை திறந்த பிரித்தானியக் கார்) ஒன்று நிற்கிறது. சிவப்பு நிறம், கம்பிச் சக்கரங்கள், சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத்தகடு. 1974இல் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையிடமிருந்து பெரியப்பா அதை வாங்கினார். அன்றிலிருந்து கடைசி ஆண்டு வரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் காலிமுகத்திடல் வரை ஓட்டிச் சென்று, ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவது அவருடைய வழக்கம். நானும் அந்த வழக்கத்தை விடவில்லை.

காப்புறுதியைப் புதுப்பிக்கும்படி இப்போது அறிவித்தல் வந்திருக்கிறது. 2018 முதல் ஒவ்வோர் ஆண்டும் 25 இலட்சம் ரூபா என்ற அதே காப்புறுதித் தொகைக்குத்தான் முழுக் காப்புறுதி எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. முகவரிடம் கேட்டபோது, "தொகையைக் கூட்டினால் கட்ட வேண்டிய காசும் கூடும், வீணாக எதற்கு, அப்படியே விடுங்கள்" என்றார். ஆனால் சென்ற மாதம் நுகேகொடையிலிருந்து வந்த ஒருவர் வாசலில் நின்றபடியே 55 இலட்சம் தருவதாகச் சொன்னார். பேரம்கூடப் பேசவில்லை. அவருக்குப் பின் வந்த இன்னொருவர் பொனட்டைத் திறந்து பார்த்தார். எஞ்சின் இந்தக் காருக்குரியது அல்ல என்றும் 30 இலட்சமே அதிகம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எஞ்சினை எப்போது மாற்றினார்கள் என்பது பெரியம்மாவுக்கும் சரியாக நினைவில் இல்லை.

விற்கும் எண்ணம் எனக்கு அறவே இல்லை. ஒரு நாள் ஏதாவது நடந்துவிட்டால் பெரியம்மாவுக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதுதான் என் கவலை. புதுப்பிப்புப் படிவத்தில் எந்தத் தொகையை எழுதுவது? இப்படிப்பட்ட கார் கொழும்பில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் கைமாறும் என்றால், "சந்தைப் பெறுமதி" என்று காப்புறுதிப் பத்திரத்தில் எழுதியிருப்பது எந்தச் சந்தையை?

ஓய்வுபெற்ற_மதிப்பீட்டாளர்

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாகன இழப்பு மதிப்பீட்டாளராக வேலை செய்தவன். உங்கள் கடைசிக் கேள்வியில்தான் விடயமே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். காப்புறுதிப் பத்திரம் இன்னமும் உங்கள் பெரியப்பாவின் பெயரில்தான் இருக்கிறதா? அப்படியானால் தொகையைப் பற்றிப் பேசுவதே இரண்டாம் பட்சம். மோட்டார் காப்புறுதி என்பது கம்பனிக்கும் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் இடையிலான ஒப்பந்தம். கார் யார் கைக்குப் போகிறதோ அவரோடு சேர்ந்து அதுவும் போய்விடாது. அவர் காலமானதைக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, பெரியம்மாவின் பெயருக்கோ உங்கள் பெயருக்கோ பதிவுப் புத்தகத்தை மாற்றும் வேலையைத் தொடங்கி, அதுவரையில் யாருடைய நலனுக்காகக் காப்புறுதி நடைமுறையில் இருக்கிறது என்பதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் பெயரில் ஆண்டுக்கணக்காகக் கட்டணம் செலுத்திவிட்டு, கிளெய்ம் (நட்டஈட்டுக் கோரிக்கை) வரும்போது "உங்களுக்கும் இந்த வாகனத்துக்கும் என்ன உறவு" என்ற கேள்விக்கு முன் திகைத்து நின்ற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

இனிச் சந்தைக்கு வருகிறேன். சாதாரணப் பத்திரத்தில் சந்தைப் பெறுமதி என்பது, விபத்து நேர்வதற்குச் சற்று முன்னர், அதே வகையைச் சேர்ந்த, அதே வயதும் அதே நிலையும் கொண்ட வாகனமொன்றை வாங்குவதற்கு ஆகியிருக்கக்கூடிய தொகை. ஒரு டொயோட்டா விட்ஸ் என்றால் அன்றைய பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்தே அரை மணி நேரத்தில் இந்தத் தொகையைச் சொல்லிவிடலாம். உங்கள் காருக்கு அப்படிச் சொல்ல இயலாது. கேட்கும் விலை விளம்பரத்தில் இருக்கும், கொடுத்த விலை இருவர் வாயில் மட்டுமே இருக்கும். ஆகவே இழப்பு நேர்ந்த பிறகு மதிப்பீட்டாளரும் நீங்களும் மேசைக்கு இரு பக்கமும் இருந்து வாதாடுவீர்கள். அந்த வாதத்தில் கையில் கடதாசி வைத்திருப்பவர்தான் வெல்வார்.

முகவர் சொன்ன "அப்படியே விடுங்கள்" என்பது எவ்வளவு ஆபத்தானது என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன். காரின் உண்மையான பெறுமதி 60 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் காப்புறுதி செய்தது 25 இலட்சத்துக்கு. முன்பக்கம் இடிபட்டுத் திருத்த 6 இலட்சம் ஆகிறது. 25 இலட்சத்துக்குள் அடங்கும் தொகைதானே, முழுவதும் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கிடைக்காது. பத்திரத்தில் குறைக் காப்புறுதிக்கான சராசரி விதி இருந்தால், 60 இல் 25 பங்குக்குத்தான் நீங்கள் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், மீதிப் பங்குக்கு நீங்களே காப்புறுதியாளர் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 6 இலட்சத்தை 25 ஆல் பெருக்கி 60 ஆல் வகுத்தால் வருவது இரண்டரை இலட்சம். மீதி மூன்றரை இலட்சம் உங்கள் பையிலிருந்து போகும்.

2018இல் எழுதிய தொகை அன்றைக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். அதன் பிறகு நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் பாகங்களின் ரூபா விலையும் அதோடு சேர்ந்து ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி மறுபடி திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அது திறந்துவிட்டது புதிய கார்களுக்கும் சில ஆண்டுகளே பழைய கார்களுக்குமான கதவை. அறுபது ஆண்டு பழைய எம்ஜிபி அந்தக் கதவால் வரப்போவதில்லை. இந்தத் தீவில் இருக்கும் எண்ணிக்கைதான் எண்ணிக்கை, அதுவும் துருப்பிடித்துக் குறைந்துகொண்டே போகிறது.

அதற்காக 90 இலட்சம் என்று எழுதிவிட்டால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். முழு இழப்பு என்றாலும் கம்பனி சந்தைப் பெறுமதிக்கு மேல் ஒரு சதமும் தராது. கூடுதல் தொகைக்குக் கட்டிய காசுதான் வீண். ஸ்டுட்கார்ட்டில் 2022 மே மாதம் ஒரு 1955 மெர்சிடிஸ் 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்குப் போனது என்ற செய்தி வந்த நாட்களில், இங்கே ஒரு மொரிஸ் மைனர் சொந்தக்காரர்கூட என்னிடம் வந்து தம் காரின் மதிப்பைத் திருத்தி எழுதித் தரும்படி கேட்டார்! எம்ஜிபி வேறு கதை. இங்கிலாந்தின் ஏபிங்டனில் 1962 முதல் 1980 வரை, மூடிய கூரை கொண்ட ஜிடியையும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகக் கட்டப்பட்ட கார் அது. இங்கிலாந்தில் நன்றாக ஓடும் ஒன்றை இன்றும் பத்தாயிரம் பவுண் அளவில் வாங்கலாம். கொழும்பில் அதன் விலை, வலப்பக்க ஸ்டியரிங் கொண்டு இங்கேயே பதிவான கார்கள் சிலவே என்பதிலிருந்துதான் பிறக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி "உடன்பட்ட பெறுமதி". பிரித்தானியாவில் பழைய கார்களுக்கு அதுதான் வழமை. ஒப்பந்தம் தொடங்கும்போதே, படங்களையும் மதிப்பீட்டறிக்கையையும் வைத்து இரு தரப்பும் ஒரு தொகைக்கு இணங்கிப் பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். முழு இழப்பில் அந்தத் தொகையே வழங்கப்படும், பின்னர் சந்தையைப் பற்றிய வாதத்துக்கு இடமில்லை. இங்கே சாதாரணப் படிவத்தில் அது இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். முகவரிடம் கேட்டுப் பயனில்லை. தலைமை அலுவலகத்தில் மோட்டார் பிரிவின் ஒப்புறுதி அதிகாரியிடம் (எதை எந்த நிபந்தனையில் காப்புறுதி செய்வது என்று முடிவு செய்பவர்) கடிதமாகக் கேளுங்கள். தர மறுத்தால், குறைந்தபட்சம் சராசரி விதியை உங்கள் பத்திரத்துக்குப் பிரயோகிப்பதில்லை என்ற குறிப்பையாவது கேளுங்கள்.

கம்பிச்சக்கரம்

ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. நான் அதை என் பணத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டவன். என்னிடம் 1963ஆம் ஆண்டு ட்ரையம்ப் டிஆர்4 ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹவ்லொக் வீதியில் சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த முச்சக்கர வண்டி இடித்தது. இடித்தவர் நல்ல மனிதர், இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். சேதம் இடப்பக்கப் பின் மட்காட்டும் ஒரு பின்விளக்கும் மட்டுமே.

கம்பனியின் ஆள் வந்து பார்த்துவிட்டு, மட்காட்டை டிங்கர் வேலை செய்து நிமிர்த்தலாம், விளக்குக் கண்ணாடிக்கு, பழைய வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் "அதைப் போன்ற ஒன்று" கிடைக்கும் என்று எழுதிவிட்டுப் போனார். மூன்று நாட்கள் பஞ்சிகாவத்தையைச் சல்லடை போட்டுத் தேடினேன். ஒரு கடைக்காரர் லொறி ஒன்றின் விளக்கை எடுத்துக் காட்டி, அறுத்து ஒட்டினால் தெரியவே தெரியாது என்றார். இறுதியில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். விளக்கின் விலையைவிட அனுப்பும் செலவும் சுங்கத் தீர்வையும் கூடுதலாக வந்தன. அதற்கான பற்றுச்சீட்டைக் கொடுத்தபோது, பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதியது போடுவதால் வாகனத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்க வேண்டும் என்றார்கள். அறுபது வயதுக் காருக்கு வயதுக்கேற்பக் கழித்தால் என்ன மிஞ்சும்? நான்கு மாதங்கள் கடிதம் எழுதிய பிறகு, செலவழித்ததில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. எந்தக் கம்பனி என்று இங்கே எழுதப் போவதில்லை. பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் அந்த வாசகம் இருந்தது, நான் வாசிக்கவில்லை என்பதும் உண்மை.

ஆகவே தொகையைப் பற்றிப் பேசும் அதே கடிதத்தில் இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்களா, எத்தனை வீதம் என்பது ஒன்று. எந்தக் கராஜில் திருத்துவது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டா என்பது மற்றொன்று. கம்பனியின் பட்டியலில் உள்ள கராஜ்காரருக்கு ஹைபிரிட் பற்றரி தெரியும், நம் பழைய கார்களில் உள்ள இரட்டை எஸ்யூ கார்பரேட்டரை ஒத்திசைக்கத் தெரியாது.

மூன்றாவதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். முழு இழப்பு என்று கம்பனி முடிவு செய்தால், எஞ்சிய காரை யார் வைத்துக்கொள்வது? நட்டஈட்டைக் கொடுத்தபின் சிதைவு கம்பனிக்கே சொந்தம் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. சாதாரணக் காருக்கு அது நியாயம். நம் கார்களில் திருத்தச் செலவு காரின் பெறுமதியைத் தாண்டுவது மிக இலகு. எம்ஜிபிக்கு பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988 முதல் புதிய உடற்கூட்டையே செய்து விற்கிறது, ஆனால் அந்த வெறும் கூட்டின் விலை அங்கே ஓடும் ஒரு நல்ல காரின் விலையை எட்டிவிடும். எனவே நடுத்தர விபத்தொன்றையே கம்பனி "முழு இழப்பு" என்று எழுதிவிடலாம். மறுநாள் உங்கள் பெரியப்பாவின் கார் ஏலத்தில் யாரோ ஒருவர் கைக்குப் போய்விடும். குறிப்பிட்ட தொகையைக் கழித்துக்கொண்டு சிதைவை உரிமையாளரே வைத்திருக்கலாம் என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

கொட்டாஞ்சேனை_கராஜ்

எல்லோரும் பெரிதாக எழுதுகிறீர்கள். என் கருத்து வேறு. மாதத்துக்கு ஒரு முறை சில கிலோமீற்றர் ஓடும் காருக்கு முழுக் காப்புறுதி எதற்கு? வாகனத்துக்கான ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கச் சட்டப்படி தேவையானது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே. அதை எடுத்துவிட்டு, ஆண்டுதோறும் மிச்சமாகும் காசை வங்கியில் தனிக் கணக்கில் போடுங்கள். பத்து ஆண்டுகளில் ஒரு மட்காட்டுக்கும் ஒரு விளக்குக்கும் தேவையான காசு அதில் சேர்ந்துவிடும், யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற_மதிப்பீட்டாளர்

கொட்டாஞ்சேனை நண்பரின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. சிறு சேதங்களுக்கு அது நல்ல வழி. ஆனால் இப்படிப்பட்ட கார்கள் வீதியில் அழிவதைவிடக் கராஜில் நிற்கும்போதே அழிவது அதிகம் என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். நாற்பது ஆண்டு பழைய இறப்பர்க் குழாயில் பெற்றோல் கசியும், துணிச்சுற்று உரிந்த வயரில் ஒரு பொறி பறக்கும், கதை முடிந்தது. வங்கிக் கணக்கில் சேர்ந்த காசு அதற்குப் போதாது. முழுக் காப்புறுதி வேண்டாம் என்றால், தீயும் திருட்டும் சேர்ந்த மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது கேளுங்கள்.

இரண்டு விடயங்களை மேலே எழுதத் தவறிவிட்டேன். வெள்ளம் உள்ளிட்ட இயற்கை அனர்த்தம் தனிச் சேர்க்கையா, பத்திரத்திலேயே உள்ளதா என்று பாருங்கள். வெள்ளவத்தை மேட்டு நிலம்தானே என்று எண்ணலாம். ஆனால் திருத்த வேலைக்காகக் கார் மாதக்கணக்கில் நிற்கப்போகும் கராஜ் கொலன்னாவையிலோ வெல்லம்பிட்டியிலோ இருக்கலாம், 2016 மே மாதத்தில் அங்கே தண்ணீர் எவ்வளவு உயர்ந்தது என்பதை நாம் பார்த்தோம். மற்றது கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பு. அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வரும் தனிப் பிரிவு, அதற்கான கட்டணமும் தனி. வெள்ளவத்தைக்காரருக்கு 1983ஐப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 மே 9 இரவு எரிந்த வாகனங்களையும் எல்லோரும் கண்டோம். அந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரட்டைக்_கார்பரேட்டர்

காப்புறுதியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, எம்ஜிபியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பெறுமதி என்ன என்று கேட்பதற்கு முன், உங்களிடம் இருப்பது எந்தக் கார் என்பதை நிறுவ வேண்டும் அல்லவா? பதிவுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள். 1965ஆம் ஆண்டு ரோட்ஸ்டரின் செசி (அடிச்சட்டக) இலக்கம் "ஜிஎச்என்3" என்று தொடங்க வேண்டும். முதலெழுத்து எம்ஜியையும், இரண்டாவது எஞ்சின் அளவின் வகுப்பையும், மூன்றாவது இரண்டு இருக்கை கொண்ட திறந்த உடலையும் குறிக்கும். மூடிய ஜிடி என்றால் மூன்றாம் எழுத்து "டி" ஆகிவிடும். அதற்குப் பின் "எல்" என்ற எழுத்து இருந்தால், அது இடப்பக்க ஸ்டியரிங்கோடு வெளிவந்து பின்னர் மாற்றப்பட்ட கார். பெறுமதி அங்கேயே இறங்கும்.

அடுத்து எஞ்சின். உங்கள் ஆண்டுக்கு உரியது 1798 சிசி, இலக்கம் "18ஜிபி" என்று தொடங்கும். 1964 இலையுதிர்காலத்தில் கிராங்க் தண்டை மூன்று தாங்கிகளுக்குப் பதிலாக ஐந்து தாங்கிகளில் பொருத்தத் தொடங்கினார்கள், அந்த மாற்றத்துக்குப் பின் வந்த எஞ்சின் இது. இலக்கம் ஒரு சிறு உலோகத் தகட்டில் அடிக்கப்பட்டு, எஞ்சின் புளொக்கின் வலப்பக்கத்தில் ரிவெட் பண்ணப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தால் தெரியும். என் ஊகம், உள்ளே இருப்பது ஒஸ்டின் கேம்பிரிட்ஜிலிருந்தோ மொரிஸ் ஒக்ஸ்போர்டிலிருந்தோ கழற்றிய 1622 சிசி எஞ்சின். ஒரே குடும்பத்து எஞ்சின் என்பதால், பாகம் கிடைக்காத எழுபதுகளில் இங்கே பலர் அதைத்தான் செய்தார்கள். நிசான் எஞ்சினைப் போட்டு அறுத்து வெட்டியதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் புத்தகத்தில் ஓர் இலக்கமும் காரில் வேறோர் இலக்கமும் இருந்தால், கிளெய்ம் நாளில் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பதே அதைத்தான் என்று நினைக்கிறேன். ஐயா திருத்தட்டும்.

மூன்றாவது துரு. எம்ஜிபிக்கு முந்திய எம்ஜிஏயிலும் டிஆர்4இலும் தனிச் செசி உண்டு, எம்ஜிபியில் இல்லை. கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் காரின் முதுகெலும்பு. ஒரு சிறு காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, அந்தப் பகுதி நெடுகிலும் வைத்து வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் இரும்பு இல்லை, பூச்சுக்குக் கீழே புட்டிப் பசைதான் இருக்கிறது. பிறகு ஜாக்கை வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவின் பின் விளிம்பில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். தூக்கத் தூக்க அந்த இடைவெளி குறுகிக் கதவு இறுகினால், சில் பகுதி உள்ளே துருப்பிடித்துப் போய்விட்டது என்று பொருள். கடற்காற்று படும் ஒழுங்கையில் ஐம்பது ஆண்டு நின்ற கார் என்பதால் சொல்கிறேன். 55 இலட்சத்துக்கும் 30 இலட்சத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசம், பெரும்பாலும் எஞ்சினில் அல்ல, அந்த ஒரு விரல் இடைவெளியில்தான் இருக்கிறது.

கடதாசிகளில் எதையும் எறிந்துவிடாதீர்கள். துரை கொடுத்த விற்பனைக் கடிதம், பழைய அனுமதிப்பத்திரங்கள், கராஜ் பற்றுச்சீட்டுகள், கல்யாண வீட்டுப் படத்தில் பின்னால் தெரியும் கார், எல்லாமே ஆதாரம். இங்கிலாந்தில் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குச் செசி இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அந்தக் கார் எந்த நாளில், எந்த நிறத்தில், எந்த எஞ்சின் இலக்கத்தோடு தொழிற்சாலையை விட்டுப் போனது என்பதைப் பதிவேட்டிலிருந்து எடுத்துச் சான்றிதழாகத் தருவார்கள். 1934இல் நுவரெலியாவில் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி போன்ற ஒன்றில் துரை ஓட்டியிருந்து, அதற்கு நிகழ்ச்சித்தாளோ படமோ அகப்பட்டால் விலையே வேறாகிவிடும். ஆனால் அந்த ஆசையில் நீங்களும் போட்டிக்குக் கொண்டுபோய்விடாதீர்கள், வேகப் போட்டியில் நேரும் சேதத்தைச் சாதாரணப் பத்திரம் ஏற்காது. ஸ்ரீ இலக்கத்தகட்டையும் அப்படியே வைத்திருங்கள். 1957, 58இல் நம்மவர்கள் எதிர்த்துப் போராடிய அந்த எழுத்துக்கு, இன்று சேகரிப்பாளர்கள் மேலதிகமாகக் காசு கொடுக்கிறார்கள் என்பதை என்னவென்று சொல்வது!

ஓய்வுபெற்ற_மதிப்பீட்டாளர்

திருத்த எதுவுமில்லை. எஞ்சின் மாறியிருப்பதை நீங்களே எழுத்தில் கம்பனிக்குச் சொல்லுங்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள். காப்புறுதி என்பது, எதையும் மறைக்கக் கூடாது என்ற முழு நம்பிக்கையின் பேரில் செய்யப்படும் ஒப்பந்தம். தெரிந்தும் சொல்லாமல் விட்ட ஒன்று பின்னால் வெளிவந்தால், அதற்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்ற வாதம் அதிகம் எடுபடாது.

வெள்ளவத்தை_65

அனைவருக்கும் நன்றி. இந்த இரண்டு வாரங்களில் நடந்தவற்றை எழுதுகிறேன்.

செசி இலக்கம் ஜிஎச்என்3, "எல்" இல்லை. எஞ்சின் நண்பர் ஊகித்தபடியே 1622 சிசி. புத்தகத்தில் இருப்பது 18ஜிபி என்று தொடங்கும் இலக்கம். பழைய எஞ்சினைத் தேடி வீட்டையே புரட்டினேன். பின்கட்டில் ஒரு பெரிய மலிபன் பிஸ்கட் தகரத்துக்குள், 1989ஆம் ஆண்டுப் பத்திரிகைத் தாளில் சுற்றியபடி இரண்டு எஸ்யூ கார்பரேட்டர்களும் கிடைத்தன. புளொக் எங்கே என்று கேட்டபோது பெரியம்மா சற்று யோசித்துவிட்டு, "அந்தப் பெரிய இரும்பா? பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்தோமே" என்றார். எத்தனை ரூபா கிடைத்தது என்றுகூட அவருக்கு நினைவிருக்கிறது. நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

காந்தம் வலப்பக்கச் சில் பகுதியில் ஒரு முழ நீளத்துக்கு ஒட்டவில்லை. இடப்பக்கம் நன்றாக இருக்கிறது. ஜாக்கில் தூக்கியபோது வலக் கதவு இறுகியது, ஆனால் திறந்தது.

மதிப்பீட்டாளர் ஐயா சொன்னபடி கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். பெரியப்பா காலமானதையும், எஞ்சின் மாறியதையும், சில் பகுதியின் நிலையையும் மறைக்காமல் குறிப்பிட்டேன். உடன்பட்ட பெறுமதி, தேய்மானக் கழிவு, கராஜ் தெரிவு, சிதைவின் உரிமை என நான்கையும் கேட்டிருந்தேன். தேய்மானக் கழிவைக் கைவிட முடியாது என்று பதில் வந்தது. மற்ற மூன்றையும் மதிப்பீட்டறிக்கை கிடைத்த பின் பரிசீலிப்பார்களாம். அவர்கள் ஏற்றுக்கொள்ளும் மதிப்பீட்டாளர் வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறார். அதுவரை காரை வீதிக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவை ஓட்டோவில்தான் காலிமுகத்திடலுக்கு அழைத்துப் போனேன், அவர் வழியெல்லாம் முறைப்பாடு சொல்லிக்கொண்டு வந்தார்.

துரையின் விற்பனைக் கடிதமும் அகப்பட்டிருக்கிறது. அதில் உள்ள தொகை 9,000 ரூபா. அதை மதிப்பீட்டாளரிடம் காட்டுவது நல்லதா, காட்டாமல் விடுவது நல்லதா, ஐயா?

ஓய்வுபெற்ற_மதிப்பீட்டாளர்

காட்டுங்கள் தம்பி. அவருக்கு வேண்டியது அதில் உள்ள தொகை அல்ல, திகதியும் செசி இலக்கமும்தான். வியாழக்கிழமை அவர் வருமுன் வலப்பக்கச் சில் பகுதிக்கு நிறம் பூசி வைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். கார்பரேட்டர் தகரத்தையும் மேசையில் வையுங்கள்.